பாலாற்றில் மிதந்த பிணம்

பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் பிணம் மிதந்து வந்தது என்று அந்த மாத நாவலின் ஆறாவது அத்தியாயம் தொடங்கும். 1987 மே மாதம். வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், ஈரத்துணியால் துடைத்த சிமென்ட் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு 11 வயது. தங்கைக்கு 8. அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் வாயால் படிப்பதைக் கண்ணால் கூடவே எழுத்துக் கூட்டிக்கொண்டு வருவாள். எங்கள் பாட்டி, ஆயா என்போம், சுவரோரம் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதையில் யார் எந்த அறையில் எந்த நேரத்தில் இருந்தார்கள் என்று கேட்டால், பத்து அத்தியாயம் கழித்தும் தடுமாறாமல் சொல்வாள். பிணம் மிதந்தது என்று நான் படித்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இரு இரு. எந்த ஆத்துல?"

"பாலாறு ஆயா. நம்ம பாலாறு."

"கத்திரி வெயில்ல பாலாத்துல பொணம் எப்பிடிடா மெதக்கும்? தண்ணி எங்க கீது?"

என்னிடம் பதில் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் காட்பாடிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்திருந்தேன். கரைக்குக் கரை மணல். நடுவில் வேலிகாத்தான் புதர்கள். ஒரு பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆற்றில் பிணத்தைப் போட்டால் போட்ட இடத்தில்தான் கிடக்கும். "எழுதனவன் இந்தப் பக்கமே வந்ததில்ல. பேரை மட்டும் கேட்டுகினு எழுதிகீறான்" என்று ஆயா தீர்ப்பு சொல்லிவிட்டு மறுபடி படுத்தாள். "மேல படி" என்றாள். படித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதையில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. கொலைகாரன் யார் என்பது இன்றைக்கு நினைவில்லை. தண்ணீரே இல்லாத ஆற்றில் மிதந்த அந்தப் பிணம் மட்டும் 38 வருஷமாக என்னோடு இருக்கிறது.

மர்ம நாவல்களைப் பற்றி யாரோடு பேசினாலும் நான் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். எழுத்தாளர் பெயரைச் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஊரைத் தெரியாமல் ஊரை எழுதக் கூடாது என்ற என் கட்சிக்கு அதுதான் முதல் சாட்சி. அந்தச் சாட்சியைப் போன மே மாதம் மறுபடி விசாரிக்க நேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் சில கோடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணி

வேலூரை வெயிலூர் என்று சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மே 4 முதல் 28 வரை கத்திரி. மறுநாள் பேப்பரில் 106 டிகிரி, 108 டிகிரி என்று பாரன்ஹீட்டில் போடுவார்கள். எங்கள் வீட்டில் காலை பதினொன்றுக்குக் கதவைச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறப்பார்கள். அந்த ஐந்தரை மணி நேரத்துக்குத்தான் நாவல். லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை நூலகம் இருந்தது. புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு 25 காசு. பழுப்பு அட்டை போட்டு, முதுகில் நூல் கோத்துத் தைத்து, பக்க ஓரங்களில் பல பேருடைய எண்ணெய்க் கை பட்டு இருக்கும். சத்தமாகப் படிப்பது என் வேலை. வேகமாகப் படிப்பேன். வானம், மரம், காற்று என்று தொடங்கினால் கண்ணை ஓட்டி அடுத்த மேற்கோள் குறி எங்கே இருக்கிறது என்று தேடிப் போய்விடுவேன். யார் செத்தது, யார் செய்தது என்பதுதானே ஆயாவுக்கு வேண்டும்.

அந்தக் கதைகளில் இருந்த ஊர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலகம் சுற்றினார். ராஜேஷ்குமாரைப் படித்தால் கோவையின் ரோடுகள் வந்தன. பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் சென்னையைக் காட்டினார்கள். இது போதாதென்றால் ஏதோ ஒரு மலையில் ஒரு பங்களா இருக்கும், அதற்கு ஒரு வயதான காவல்காரர் இருப்பார். நான் படித்தவற்றில் வேலூர் வந்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான். பிடிபட்டவன் வேலூர் ஜெயிலுக்குப் போவான். தொரப்பாடிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்த்து, நான் படித்த கதைகளின் கொலைகாரர்கள் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். கதை எங்கோ நடக்கும், முடிந்த பிறகு எங்கள் ஊருக்கு வரும். அது எனக்குள் ஒரு குறையாகவே இருந்தது.

ஆயாவுக்கு அந்தக் குறை இல்லை. எந்த ஊர்க் கதையையும் அவள் கொசப்பேட்டையில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாவலில் நள்ளிரவு பன்னிரண்டு மணி, தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது, ஒருவன் சுவர் ஏறிக் குதிக்கிறான் என்று வந்தது. "நம்ம ஊர்ல நடக்காது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சித்திரையில எவன் ஊட்டுக்குள்ள படுக்கறான்? பாதி ஊரு மொட்ட மாடியில, மீதி ஊரு திண்ணையில. பாயில பொரண்டுகினு எல்லாரும் முழிச்சிகினுதான் கீறாங்க. அந்நேரம் சுவரு ஏறினா நூறு பேரு பாப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறணும். அப்ப நடுத்தெருவுல யானை போனாக்கூட ஒருத்தனும் பாக்க மாட்டான்."

ஊர் மணத்தோடு எழுதப்பட்ட மர்மக் கதை என்றால் என்ன என்று பிற்காலத்தில் நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. கோட்டை அகழியில் நிலா விழுந்ததை இரண்டு பக்கம் எழுதினால் வேலூர் வந்துவிடாது. கொலை நடக்கும் நேரம் மாற வேண்டும். பார்த்தவன் எங்கே படுத்திருந்தான் என்பது மாற வேண்டும். ஊர்ப் பெயரை அழித்துவிட்டு வேறு ஊரின் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். கதையில் ஏதாவது உடைகிறதா? உடையாவிட்டால் ஊர் அதில் இல்லை. இந்தச் சோதனையைத்தான் வருஷக்கணக்காக ஒவ்வொரு நாவலிலும் செய்துவந்தேன்.

கண்ணைக் கட்டிக் காரில் கடத்திக்கொண்டு போகும் காட்சி எத்தனை நாவல்களில் வந்திருக்கும். கடத்தப்பட்டவன் ரயில் சத்தத்தையும் கோயில் மணியையும் வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பான். வாலாஜாவிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்து பாருங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் வாடை ஒன்று மூக்கில் ஏறும். மேல்விஷாரத்தில் அதே வாடையோடு பிரியாணி தம் சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்து ஆளைக் கடத்துகிறவன் கண்ணைக் கட்டிப் பயனில்லை, மூக்கைக் கட்ட வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரியாத ஊரும் அதே வேலையைச் செய்யும். பள்ளிக்கூடத்து நான்-டீடெயில் புத்தகமாகச் சுருக்கி வந்த ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதையை ஒரு கோடையில் படித்தேன். டார்ட்மூரின் பொட்டல், காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு, பத்தடி தள்ளி நிற்பவனை மறைக்கும் மூடுபனி. அங்கே பனி இறங்கவில்லை என்றால் அந்தக் கடைசி இரவு அப்படி முடியாது. பனியைப் பார்த்தே இராத பையன் நான். வியர்வையில் பக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டு வர, உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது.

ஆரணிக்காரர்

எங்கள் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய உரிமை உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் 1866-ல் பிறந்தவர். ஆனந்தபோதினி பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 70-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி 1925-ல் மறைந்தார். தமிழில் துப்பறியும் கதையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அவருக்கும் வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும்தான் முதல் இடம். பட்டுக்குப் பேர் போன ஆரணியை, அந்த மனிதருக்காகவும் நாம் நினைக்க வேண்டும்.

அவர் ஆங்கில நாவல்களை எடுத்து, பாத்திரங்களுக்கு நம் பெயர்களை வைத்துத் தழுவி எழுதினார். இதைக் குறையாகச் சொல்லும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். வடாற்காட்டுக்காரர் ஒருவர் கையில் பேனாவை வைத்துக்கொண்டு லண்டனைத் தமிழாக்கினாரே, ஆரணிக் கோட்டையை எழுதக் கூடாதா என்று கோபம். இப்போது அந்தக் கோபம் இல்லை. மர்மக் கதையைப் படிப்பது எப்படி என்று ஒரு மொழிக்கே முதலில் பழக்கிவிட வேண்டியிருந்தது. பக்கத்தைப் புரட்டும் ஆவலையும், சந்தேகப்படும் புத்தியையும், கடைசி வரை பொறுக்கும் வாசகரையும் அவர்கள் உண்டாக்கினார்கள். ஆயா அந்த வரிசையில் வந்தவள்தான், படிக்கத் தெரியாவிட்டாலும். ஊரை எழுதுவது பின்னால் வந்தவர்களுக்கு என்று மிச்சம் வைக்கப்பட்ட வேலை.

லாட்ஜ் வாசற்படி

1996 கோடையில் நான் கல்லூரியை முடித்துவிட்டு, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் சித்தப்பா நடத்திய லாட்ஜில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். சி.எம்.சி.க்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்தான். சந்து முழுக்க வங்காள எழுத்தில் போர்டுகள், மீன் குழம்பும் சோறும் போடும் மெஸ்கள். கடைக்காரர்கள் அவர்களை வங்காளத்தில் தாதா (அண்ணன்), தீதி (அக்கா) என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஊரில் புது ஆள் ஒருவன் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நாவலில் அதுவே முதல் துப்பு ஆகும். எங்கள் சந்தில் ஆயிரம் புது முகங்கள் தினமும் வந்து போகும். ரிஜிஸ்டரில் வந்த காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதுவார்கள்: சிகிச்சை. யாராவது ஒளிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது என்று அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எனக்குத் தோன்றியது.

அந்த மே மாதம் கல்கத்தா டாலிகஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியின் வைத்தியத்துக்காக வந்து 40 நாள் தங்கினார். சாயங்காலம் மனைவி தூங்கியதும் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, தடிமனான வங்காளப் புத்தகம் ஒன்றை விரிப்பார். ஃபெலுதா கதைகள். சத்யஜித் ராய் சினிமா எடுப்பவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவர் பையன்களுக்காக ஒரு துப்பறிவாளரை உண்டாக்கி, 1965 முதல் சாகும் வரை எழுதினார் என்பதைத் தாதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அரை ஆங்கிலம், கால் இந்தி, மீதிக் கையசைப்பில் அவர் எனக்குக் கதை சொல்வார். நான் அதுவரை சத்தமாகப் படித்து மற்றவர்கள் கேட்டார்கள். முதல் முறையாக நான் கேட்கிறவனாக உட்கார்ந்தேன்.

அவர் சொன்னவற்றில் 1971-ல் வந்த ஜெய்சல்மேர் கதைதான் எனக்கு மறக்காதது. ஒரு பையனுக்குப் போன ஜென்மத்து நினைவு வருகிறது, தங்கக் கோட்டை ஒன்றைப் பற்றிச் சொல்கிறான். கெட்டவர்கள் புதையலைத் தேடுகிறார்கள். ராஜஸ்தானின் கோட்டைகள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனால், ஜெய்சல்மேரின் கோட்டை மஞ்சள் கல்லில் கட்டப்பட்டு, வெயிலில் பொன்னாக மின்னுகிறது. விடை அந்த ஊரின் கல்லிலேயே இருக்கிறது. வேறு எந்தக் கோட்டைக்கும் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தாதா இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெயரை அழித்துப் பார்க்கும் என் சோதனையில் அப்படியே உடைந்து விழுந்த முதல் கதை.

மறுநாள் சாயங்காலம் அவரைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரும் சளைத்ததில்லை என்று காட்ட வேண்டும் என்ற ஆசை. அகழியோரம் நடந்துகொண்டே 1806 ஜூலை 10-ல் நடந்த சிப்பாய்க் கலகத்தைச் சொன்னேன். புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. சிப்பாய்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம் நடந்து, அடுத்த விடியலுக்கு முன் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப் படையோடு வந்து, அன்றைக்கே எல்லாம் ரத்தத்தில் முடிந்தது. ஆனால் இது நடக்கப்போகிறது என்று முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் முன்கூட்டியே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னான். விசாரித்தவர்கள் அவனைப் பைத்தியம் என்று சொல்லி விலங்கு போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு பணமும் பென்ஷனும் கொடுத்தார்கள். தாதா நின்றுவிட்டார். "உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியைப் பைத்தியம் என்று கட்டிப்போடுவது. ஒரு எழுத்தாளன் இதை யோசித்து எழுதியிருந்தால் செயற்கை என்போம்" என்றார்.

பிறகு அவர் எனக்கு ஒன்று சொன்னார். கலகத்துக்குப் பின் திப்புவின் பிள்ளைகளை வேலூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். டாலிகஞ்சுப் பக்கம் குடியேறினார்கள். அவர் வீட்டுக்கு அருகில் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு என்று இருப்பது அந்த வம்சத்துப் பெயர். தர்மதலாவில் குலாம் முகமது 1842-ல் கட்டிய திப்பு சுல்தான் மசூதிக்கு எதிரே பஸ்ஸுக்காக அவர் பல வருஷம் நின்றிருக்கிறார். "உன் ஊர்க் கோட்டைக் கதையின் அடுத்த அத்தியாயம் என் தெருவில் இருக்கிறது. நீ கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகத்தை வைத்திருக்கிறாய்." வாடகை நூலகத்துப் புத்தகங்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அப்படிச் சொன்னார்.

நான் விடவில்லை. சாமி இல்லாத கோயில் என்று ஊர்ப் பழமொழியில் வரும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைக் காட்டினேன். பல தலைமுறை லிங்கம் இல்லாமல் கிடந்து, 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். திப்பு மகாலைக் காட்டினேன். அதற்கு முந்தின வருஷம், 1995 ஆகஸ்ட்டில், அங்கே சிறப்பு முகாமில் இருந்த புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியிருந்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு ஒரு ஃபெலுதா இல்லையா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. பதிலாகப் பாலாற்றில் பிணம் மிதந்த கதையைச் சொன்னேன். எங்களை எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். ஆயா சொன்னதையும் சொன்னேன். ஆயாவை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சிரித்துவிட்டு, "கதையில் அது எந்த மாதம்?" என்று கேட்டார்.

"மே" என்றேன்.

"நீ படித்தது மே. கதையில்?"

"கதையிலும்தான்" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

சிரசு

தாதா போன பிறகு, எங்கள் ஊரை வைத்து நானே ஒன்று எழுதினால் என்ன என்ற எண்ணம் வந்தது. இன்றுவரை எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு கோடையிலும் மனசுக்குள் அது நடக்கிறது. வைகாசி முதல் நாள், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வரும். வழியெல்லாம் மாலை, தேங்காய் உடைபடும் சத்தம், பல ஊர்களிலிருந்து வந்த ஜனக் கடல். கௌண்டன்யா ஆற்றங்கரைக் கோயிலில் சண்டாளச்சி உடலில் அந்தச் சிரசைப் பொருத்துவார்கள், கண் திறப்பார்கள். பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டி, அவளை உயிர்ப்பிக்கும்போது தலை ஒருத்தியுடையதும் உடல் இன்னொருத்தியுடையதுமாகச் சேர்ந்துபோன கதை. ஆள் யார் என்ற கேள்வியைச் சுற்றித்தான் உலகத்து மர்மக் கதைகள் பாதி எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் ஜனங்கள் அந்தக் கேள்வியை மே மாத வெயிலில் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். அதைத் திகிலுக்கான வேடிக்கையாக எழுதிவிடக் கூடாது என்ற பயம்தான் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. கும்பிடுகிறவர்கள் படித்தாலும் தலை குனிய வேண்டியிராத ஒரு கதையாக இருக்க வேண்டும்.

ஊரும் நான் நினைத்து வைத்தபடி நிற்கவில்லை. வடாற்காடு 1989-ல் இரண்டானது. மிச்சமிருந்த வேலூர் ஜில்லா 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆயா சொன்ன மொட்டை மாடியில் இப்போது யாரும் படுப்பதில்லை. இரவெல்லாம் ஏ.சி. ஓட, ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருக்கின்றன. நள்ளிரவில் சுவர் ஏறினால் இன்று எவரும் பார்க்க மாட்டார்கள். ஆயாவின் விடை அவள் காலத்துக் கொசப்பேட்டைக்குத்தான் சரி.

நாலு வரி

போன மே மாதம் சித்தப்பா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டு மாத நாவல்கள் கிடைத்தன. மூன்றாவதாக எடுத்தது அந்த நாவல். அட்டைப் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கேயே, புழுதியில் உட்கார்ந்து ஆறாம் அத்தியாயத்தைத் திறந்தேன். பாலம் இருந்தது, பிணம் மிதந்தது. ஒரு பக்கம் முன்னால் போனேன். ஐந்தாம் அத்தியாயம் மழையில் முடிந்திருந்தது.

ஐப்பசி மழை. மேலே கர்நாடகத்திலும் நல்ல மழை. பல வருஷத்துக்குப் பிறகு பாலாற்றில் வெள்ளம் வருகிறது என்று கேள்விப்பட்டு ஊர் ஜனம் பாலத்துக்குப் போய் நிற்கிறது. பெண்கள் கற்பூரம் ஏற்றுகிறார்கள், சிலர் பூவை எறிகிறார்கள். தண்ணீரைப் பார்த்தே இராத ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பயந்து அழுகிறது. எல்லாம் நாலே வரி. அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் அடுத்த அத்தியாயத்தில் பிணத்தை முதலில் பார்க்கிறார். ஊரே பாலத்தின் மேல் நின்றதால்தான் அந்தப் பிணம் அன்றைக்கே கண்ணில் பட்டது, கொலைகாரனின் கணக்கும் அங்கேதான் தப்பியது. பாலத்தில் ஆள் இருக்காது என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் வெளியூர்க்காரன்.

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது நான் அந்தப் பாலத்தில் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். வறண்ட ஆறு என்று நாம் சொல்லிப் பழகிய இதே பாலாறுதான் 1903 நவம்பரில் வாணியம்பாடியில் புகுந்து ஆட்களைக் கொண்டுபோனது. நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து வரும் ஆறு. அங்கே பெய்தால் இங்கே வரும், எந்த வருஷம் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வந்தால் வேலூர் ஜனம் என்ன செய்யும் என்பது ஊரைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது. என் சோதனையை அவர் நாவலுக்கு வைத்துப் பார்த்தேன். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஒரு ஊரின் பெயரைப் போட்டால் பாலத்தில் கூட்டம் கூடாது, பிணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், கதை அங்கேயே உடைந்துவிடும்.

வேலூரை உள்ளே வைத்து எழுதிய ஒரு நாவலை 11 வயதில் கையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று 38 வருஷம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தாதாவிடம் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன். தாதா ஒரு கேள்வியில் தொட்ட இடத்தை நான் திறந்து பார்க்கவே இல்லை. என் கோடையை அந்தப் புத்தகத்தின் மேல் ஏற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கத்திரியில் படித்ததால் கதையிலும் கத்திரி என்று எடுத்துக்கொண்டோம், ஆயாவும் நானும். ஆனால் அது எனக்குப் பொருந்தவில்லை. ஆயா அப்படி ஏமாறுகிறவள் இல்லை. யார் எந்த அறையில் இருந்தார்கள் என்று சொல்கிறவளுக்கு, முந்தின பக்கத்தில் பெய்த மழை எப்படி மறக்கும்?

அன்று ராத்திரி மொட்டை மாடியிலிருந்து தங்கைக்குப் போன் செய்தேன். அவள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். நாவல் கிடைத்ததைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், ஆயா எப்படித் தவறவிட்டாள் என்று தெரியவில்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆயா தவறவிடல அண்ணா. நீ படிக்கவே இல்ல. மழைன்னு ஆரம்பிச்சதுமே தாண்டிட்ட. நான் தோள் மேல இருந்து பாத்துகினுதான் இருந்தேன். அந்தக் கொழந்தை அழுவறது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேன். மேல போற நேரத்துல குறுக்க பேசாதன்னு கொட்டின."

ஆயா 1999-ல் போய்விட்டாள். தாதாவின் விலாசம் லாட்ஜ் ரிஜிஸ்டரோடு போயிற்று. செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டேன். கீழே தெருவில் ஏ.சி. இயந்திரங்களின் சத்தம். படிக்கட்டுமா என்று கேட்டேன்.

"படி. மெதுவா படி" என்றாள்.

ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.